ஈடு வைக்காத காணியில் ஒரு கலியாணம்

"சுவாமி, மண்டபம் எடுக்கேல்லை. வளவுக்குள்ளயே பந்தல் போடுறம். குறையா நினையாதேங்கோ."

ஓலை எழுதுவதற்காகப் பங்குமனைக்கு வந்த பெண்ணின் தகப்பனார் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். வலிகாமம் வடக்கிலுள்ள செம்மண் ஊர் ஒன்றைச் சேர்ந்த தோட்டக்காரர் அவர். வெங்காயமும் வாழையும் செய்து மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்தவர். அப்படிப்பட்டவர் தமது சொந்த வளவில் மகளுக்குத் திருமணம் செய்யப்போவதை, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஏன் இந்தக் கூச்சம்? எமது பாட்டன் பாட்டி காலத்தில் யாழ்ப்பாணத்துத் திருமணம் என்றால் பெரும்பாலும் வீட்டுத் திருமணந்தான். முற்றத்தில் பந்தல், கோடிப்புறத்தில் அடுப்பு, அயலெல்லாம் வேலை. இன்று பிரதான வீதிகளில் மண்டபங்கள் எழுந்து நிற்கின்றன. மண்டபத்தில் செய்பவர் வசதியானவர், வீட்டில் செய்பவர் வழியற்றவர் என்ற எண்ணம் எப்படியோ எமது மனங்களில் வேரூன்றிவிட்டது.

2023 ஆவணியில் நடந்த அந்தத் திருமணத்தில், பந்தற்கால் நட்டது முதல் பந்தல் பிரித்தது வரை நாமும் அவ்வப்போது போய் நின்றோம். அங்கு கண்டதையும் கேட்டதையும் அக்குடும்பத்தினரின் சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல், வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

காணியின் கதை

திருமணம் நடந்த காணி 8 பரப்பு. அதாவது அரை ஏக்கர். அது பெண்ணின் தாயாருக்குச் சீதனமாக வந்தது. 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று சொத்துக்களை வகுத்துப் பேசுகிறது. தாயின் சீதனம் மகளுக்குப் போவது எமது மண்ணின் பழைய வழக்கம்.

ஆனால் இந்தத் தாயாருக்குச் சீதன உறுதி எழுதப்பட்டபோது காணி அவர் கால்வைக்க முடியாத இடத்தில் இருந்தது. 1990 ஆனியில் மீண்டும் போர் தொடங்கியதும் பலாலியைச் சுற்றியிருந்த ஊர்கள் வெறுமையாகின. இவர்களும் உடுத்த உடுப்போடு வெளியேறியவர்கள். 1994 ஆவணியில் இடம்பெயர்ந்திருந்த ஊரில், இன்னொருவர் வளவில், இவர்களுடைய திருமணம் நடந்தது. "உறுதி கையில இருந்தது, காணி முள்ளுக்கம்பிக்கு அங்கால இருந்தது" என்று தாயார் சிரித்துக்கொண்டே சொன்னார்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்ததை எமது வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. இவர்களும் அந்த மழையில் நடந்தார்கள். 1996 இல் திரும்பி வந்தபோதும் சொந்த ஊருக்குப் போக முடியவில்லை. மல்லாகத்தில் ஒரு நலன்புரி முகாம் அவர்களின் ஊராயிற்று. மணப்பெண் 1997 இல் அங்கேதான் பிறந்தாள். தகரக் கூரையின்கீழ் படித்தாள், வளர்ந்தாள்.

2015 முதல் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. இவர்களுடைய காணி 2018 இல் கிடைத்தது. 28 ஆண்டுகளுக்குப் பின்னர் போய்ப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. எங்கும் பற்றையும் பாதீனியமும். கிணறு கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பப்பட்டிருந்தது. அரச வீட்டுத்திட்டத்தில் சிறு வீடொன்று கட்டினார்கள். அயலவர்களோடு சேர்ந்து கிணற்றைத் தூர்வாரிக் கலக்கி இறைத்தார்கள். இரண்டாம் வருடம் வெங்காயம் கிண்டினார்கள். அவ்வளவில் 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி வந்தது. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றபடியே தோட்டமும் செய்தார்கள்.

இப்படி மீண்ட காணி இது. வலிகாமம் வடக்கில் இன்னும் காணிக்காகக் காத்திருப்போர் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே மறக்கலாகாது.

மண்டபத்துக்கு ஒற்றியா?

மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்ததும் உறவினர் ஒருவர் வந்து ஆலோசனை சொன்னார். "நாலு பரப்பை ஒற்றி வைச்சால் மண்டபத்திலயே செய்யலாம். வெளிநாட்டிலயிருந்து வாற சனத்துக்கு முன்னால வளவுக்குள்ள வைச்சுச் செய்யேலுமே?"

ஒற்றி என்றால் என்ன என்பதை இளைய வாசகர்களுக்காகச் சொல்லிவிடுவோம். காசு கொடுத்தவர் வட்டி கேட்கமாட்டார். அதற்குப் பதிலாகக் காணியைத் தாமே வைத்துப் பயனை அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்தால்தான் காணி திரும்பும். தோட்டத்தை நம்பி வாழும் குடும்பம் தோட்டத்திற் பாதியை ஒற்றி கொடுத்தால் அந்த முதலை எதிலிருந்து தேடுவது? வருமானமே அங்கே போய்விடுகிறதே!

வங்கியில் நகை அடைவு வைக்கலாம், நுண்கடன் எடுக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். வாராவாரம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் எமது கிராமங்களில் எத்தனை பெண்களை அலைக்கழித்தது என்பது நாம் அறிந்ததே. அந்தத் துன்பம் முற்றித்தான் 2018 இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்குக் கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

முடிவைச் சொன்னவள் மணப்பெண். "அப்பா, முகாமில இருக்கேக்கை ஒவ்வொரு நாளும் எங்கட காணி, எங்கட காணி எண்டு சொல்லுவீங்கள். கிடைச்ச காணியை ஒரு நாள் சாப்பாட்டுக்குக் குடுக்கப்போறீங்களோ? எனக்குப் பின்னால ரெண்டு தங்கச்சிமார் இருக்கினம்." இதற்குத் தகப்பனாரிடம் பதில் இல்லை. மாப்பிள்ளை தச்சுவேலை செய்பவர். அவரும் அவருடைய தாயாரும் ரொக்கம் எதுவும் கேட்கவில்லை. எல்லா வீடுகளிலும் அப்படி அமைவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விதைத்த நாளிலிருந்து

ஆவணியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. சைவ மக்கள் ஆடியிலும் புரட்டாதியிலும் மார்கழியிலும் திருமணம் வைப்பதில்லை. கத்தோலிக்கர் தவக்காலத்தையும் திருவருகைக் காலத்தையும் தவிர்ப்பர். இரு பகுதியினரும் வாழும் அயலில் எல்லோருக்கும் பொருந்துவது ஆவணி. சோழகக் காற்று ஓய்ந்துவரும் காலம். பனம்பழம் விழும் காலம். ஐப்பசியில் வாடை மழை தொடங்குமுன் பந்தலுக்கு வெறும் நிலம் கிடைக்கும். கைகளுக்குச் சற்று ஓய்வும் கிடைக்கும்.

தகப்பனார் திருமணத்தைப் பயிர்போலவே திட்டமிட்டார். முதல் வருட ஆவணியில் பேச்சு முடிந்த கிழமையே 60 கதலி வாழைக்குட்டிகளை நட்டார். குலைக்குக் குலை, இலைக்கு இலை. வைகாசியில் பூசணி விதை போட்டார். கத்தரியும் பயற்றையும் பின்னர் வந்தன. அழைப்பிதழ் அச்சாகுமுன்னரே கலியாணச் சாப்பாட்டிற் பாதி தோட்டத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. அரிசிக்குத் தென்மராட்சியில் தாய்மாமன் விளைவித்த நெல்லைப் புழுக்கிக் குற்றினார்கள். பருப்பு, சீனி, எண்ணெய், அப்பளம் போன்றவையே கடையில் வாங்கியவை.

பந்தலுக்கான தென்னோலையை அயல் வளவுகள் கொடுத்தன. ஓலையை ஊறப்போட்டு, இரண்டாகக் கிழித்து, மாலை நேரங்களிற் பெண்களும் ஆண்களுமாகக் கிடுகு பின்னினார்கள். கிடுகு பின்னத் தெரிந்த இளையவர்கள் அங்கே இருவர்தான். மற்றவர்கள் பெத்தாச்சி ஒருவருக்கு முன்னாற் சம்மணமிட்டிருந்து பழகினார்கள். பூவரசம் கதியால்களும் கமுக மரங்களும் தூண்களாயின. வாசலில் குலைவாழை, மேலே மாவிலைத் தோரணம்.

திருமணத்துக்கு நாலு நாளுக்கு முன்னர் பலகாரச் சூடு. பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு. முகாமில் அடுத்தடுத்த கொட்டில்களில் இருபது வருடம் வாழ்ந்த பெண்கள், இன்று வெவ்வேறு ஊர்களிற் குடியேறியவர்கள், அன்று லான்ட் மாஸ்டரிலும் சைக்கிளிலும் வந்து சேர்ந்தார்கள். கரையோர ஊரவர்களும் செம்மண் ஊரவர்களும் அவர்களுள் இருந்தார்கள். "எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால இருந்து கதைச்ச கதை, அழுத அழுகை, ஒரு மண்டபத்திலயும் வராது சுவாமி" என்றார் ஒரு தாய்.

ஜாம் போத்தல் வெளிச்சத்தில்

பலகாரச் சூட்டின்போது பேச்சு பெற்றோரின் 1994 கலியாணத்துக்குத் திரும்பியது. நாமும் அக்காலத்துச் சிறுவர்களே. 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருளும் சவர்க்காரமும் மின்கலமும் தடைக்குள் இருந்தன. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு எரித்த விளக்கின் வெளிச்சத்தில்தான் நாம் படித்தோம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மாப்பிள்ளைகள் சைக்கிளில் வந்தார்கள். பொழுதுபடுமுன் பந்தி முடியவேண்டும். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் பந்தலை விட்டுப் பதுங்குகுழிக்கு ஓடவேண்டும்.

அந்தக் காலம் நல்ல காலம் என்று யாரும் சொல்லமுடியாது. ஆயினும் அன்று மக்கள் திருமணங்களை நிறுத்தவில்லை. இருந்ததைப் பகிர்ந்து செய்தார்கள். 2020, 2021 இல் கொரோனாக் கட்டுப்பாடுகளின்போதும் எண்ணிச் சிலரோடு வீட்டு முற்றங்களிலே எத்தனையோ திருமணங்கள் நடந்தன. கட்டாயத்தாற் செய்யும்போது எவரும் வெட்கப்படவில்லை. கட்டாயம் நீங்கியதும் அதே முற்றம் எமக்கு எப்படிக் கௌரவக் குறைவாகிறது?

சோடா குடித்துப் போனவர்கள்

இங்கே ஒரு கசப்பான விடயத்தையும் சொல்லவேண்டும். பழைய வீட்டுத் திருமணங்களை நாம் புகழும்போது, அந்தப் பந்தல்கள் யாருடைய உழைப்பில் எழுந்தன என்பதை மறைத்துவிடுகிறோம். வெள்ளை கட்டுவதற்கு ஒரு சமூகம், மேளத்துக்கு ஒரு சமூகம், எடுபிடிக்கு ஒரு சமூகம் என்று குடிமை முறை ஏவியது. உழைத்தவர்கள் பந்தலுக்கு வெளியே, கோடிப்புறத்தில், கடைசியிற் சாப்பிட்டார்கள். 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் என அறியப்பட்டது, தீண்டாமைக்கு எதிராகக் குரல் கொடுத்தது. 1930 அளவில் பாடசாலைகளில் சம ஆசனமும் சம போசனமும் கோரியபோதே யாழ்ப்பாணத்தில் எவ்வளவு எதிர்ப்பு! 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவுக்கு முன்னால் மக்கள் போராட வேண்டியிருந்தது. எமது தேவாலயங்களிலும் சாதிக்கொரு பக்கம் இருந்த காலம் உண்டு. அதை ஒப்புக்கொள்ளாமல் பிறருக்குப் போதிக்க எமக்கு உரிமையில்லை.

இந்தத் திருமணத்திலும் அது தலைகாட்டியது. கிடாரத்தடியில் நின்று சமைத்தவர்கள் முகாமிலிருந்து வந்த நட்புகள், பல சமூகத்தவர். பந்தியில் யாவரும் வந்த வரிசையில் அமர்ந்தார்கள். முதற் பந்தியிலேயே சமைத்தவர்களில் மூத்தவர் இருவரைத் தகப்பனார் கையைப் பிடித்துக் கொண்டுவந்து மாப்பிள்ளை வீட்டாரோடு இருத்தினார். இதைக் கண்டதும் உறவினரில் ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். "அவசரமாப் போகவேணும்" என்று ஆளுக்கொரு சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அடைத்த போத்தலில் தீட்டு இல்லையாம்!

தகப்பனார் வாசல்வரை போய் அவர்களை வழியனுப்பினார். திரும்பி வந்து ஒரு வாளியை எடுத்துப் பந்தியில் இரசம் விட்டுக்கொண்டு போனார். கை சற்று நடுங்கியது, நாம் பார்த்தோம். பின்னர் அவர் எம்மிடம் சொன்னது: "முகாமில காய்ச்சல் வந்து கிடக்கேக்கை ஆர் கஞ்சி தந்தது எண்டு எனக்குத் தெரியும் சுவாமி."

மண்டபத்தில் செய்திருந்தால் இந்தச் சங்கடம் வந்திராது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். மண்டபத்திற் சமைத்தவரை யாரும் காண்பதில்லை. காசு கொடுத்து வாங்கும் சாப்பாட்டில் சாதி மறைந்துவிடுகிறது, ஒழிந்துவிடுவதில்லை. வீட்டுப் பந்தலில் அது முகத்துக்கு முன் வருகிறது. அங்கே ஒரு குடும்பம் தீர்மானம் எடுக்கவேண்டியிருக்கிறது. அன்று அந்தக் குடும்பம் எடுத்தது.

கணக்கும் குறைகளும்

அன்று சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய 280 பேர். எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி என்று மூத்த சமையற்காரர் கணக்கிட்டார். 35 கிலோ உலையிற் போட்டார்கள். கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்காய், பருப்பு, இரசம், வடை, பாயாசம். எல்லாம் வாழையிலையில். பொலித்தீன் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரிலேயே நாட்டிற் தடைசெய்யப்பட்டன. ஆயினும் விசேட வீடுகளுக்குப் பின்னால் பொலித்தீன் குவியல் எரிவதை நாம் இன்னும் காண்கிறோம். சுண்ணக்கல்லின் கீழுள்ள நிலத்தடி நீரை நம்பி வாழும் எமக்கு இது தகுமா? இங்கே இலைகள் மாட்டுக்குப் போயின. மிஞ்சியவை குப்பைக் கிடங்குக்குப் போயின.

குறைகள் இல்லாமலில்லை. பிற்பகல் திடீரென்று பெய்த மழையில் பந்தலின் ஒரு மூலை ஒழுகியது. கதிரைகள் போதவில்லை. பெரிய கிடாரம் இரண்டை வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. முக்கியமான குறையொன்றைத் தாயார் சொன்னார்: "ஒரு கிழமையா நான் நித்திரை கொள்ளேல்லை." வீட்டுத் திருமணம் என்றதும் அதன் பாரம் பெண்களின் தலையில் விழுகிறது. கடனைத் தவிர்த்தோம் என்று ஆண்கள் மகிழும்போது, அந்தச் சேமிப்பிற் பெரும்பங்கு பெண்களின் கூலியில்லா உழைப்பு என்பதை நினைக்கவேண்டும். இங்கே தேங்காய் துருவியதும் கிடாரம் கழுவியதும் இளைஞர்கள். அது நல்ல தொடக்கம், போதுமானதல்ல.

செலவுக் கணக்கைத் தகப்பனார் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். வெங்காயம் விற்ற காசும் சீட்டுக் காசும் செலவுக்குப் போதுமாயின. கடன் என்ற பக்கம் வெறுமையாக இருந்தது.

நாம் செய்யக்கூடியவை

எல்லோரும் வளவிலேயே திருமணம் செய்யவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வளவே இல்லாதவர்கள் எம்மிடையே பலர். முதலில் எமது ஊர்களிற் பேசிப்பார்க்கச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

ஊர்தோறும் மரண சகாய சங்கங்கள் இருக்கின்றன. சாவு வீட்டுக்குக் கதிரையும் தகரப் பந்தலும் கொடுக்கின்றன. சாவுக்குத் துணைநிற்கும் சங்கம் வாழ்வுக்கும் துணைநிற்கலாகாதா? சங்கமோ சனசமூக நிலையமோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ கிடாரங்கள், அகப்பைகள், கதிரைகள், பந்தற் கம்புகள் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்தால், வாடகைக்குப் போகும் காசு ஊரிலேயே நிற்கும்.

சம்பந்தம் முடிந்ததும் மண்டபத்துக்கு முற்பணம் கட்ட ஓடுகிறோம். அதற்கு முன்னர் எந்த மாதத்தில் எதை நட்டால் எது கைக்கு வரும் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வேலையைப் பங்கிடும்போது ஆண்களுக்கும் அடுப்படியில் இடம் ஒதுக்குவோம். பெண்களுக்கு ஓய்வு நாளும் ஒதுக்குவோம்.

பந்தற்கால் நடுமுன்னரே, யார் எங்கே இருப்பது என்ற கேள்விக்கு வீட்டார் ஒன்றாக இருந்து விடை காணட்டும். பந்தி தொடங்கிய பின் யோசித்தால் பழைய வழக்கமே வெல்லும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அன்பை நாம் அறிவோம். ஒரு நாள் மண்டபத்துக்கு அனுப்பும் காசிற் சிறுபகுதி ஒரு கிணற்றைத் திருத்தினால், அந்தக் கிணறு அடுத்த கலியாணத்துக்கும் தண்ணீர் தரும்.

பந்தல் பிரித்த பின்

பெண்ணுக்கு 2 பரப்பு சீதன உறுதியாக எழுதப்பட்டது. மிச்சம் தங்கைமாருக்கு இருக்கிறது. இம்முறை உறுதி எழுதியவர்கள் காணியின் நாலு எல்லையையும் நடந்து பார்த்தே எழுதினார்கள்.

மூன்றாம் நாள் பந்தல் பிரித்தார்கள். நல்ல கிடுகுகள் வேலிக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் போயின. உக்கியவை தோட்டத்துக்குப் பசளையாயின. கார்த்திகையில் அப்பக்கம் போனபோது பந்தல் இருந்த இடம் கொத்திப் பாத்தி கட்டப்பட்டிருந்தது. தாயாரும் இரண்டு தங்கைமாரும் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பாத்தியிலதான் சுவாமி நீங்கள் இருந்து சாப்பிட்டது" என்றார் தகப்பனார். இம்முறை அவர் குரல் தாழ்ந்திருக்கவில்லை.